ஃபாக் லைட்டைக் கீழே இறக்கிய மார்கழி

பொங்கலூருக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக வாய்க்கால் கரையை ஒட்டிய ஒற்றைத் தார் ரோடு ஒன்றுதான் வழி. போகும்போது இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் தென்னந்தோப்பு. வாய்க்காலுக்கும் ரோட்டுக்கும் நடுவே சுவரோ கம்பியோ எதுவும் கிடையாது. புல் முளைத்த ஒரு சரிவு, அதற்குக் கீழே தண்ணீர். பகலில் அந்த ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று சொல்வார்கள். மார்கழி விடியலில் கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் மூடியது போலத்தான்.

என் கணவருக்குச் சர்க்கரை முதலில் சிறுநீரகத்தைப் பிடித்தது, பிறகு கண்ணைப் பிடித்தது. வாரத்தில் மூன்று நாள் கோயமுத்தூரில் டயாலிசிஸ். எங்களுக்குக் கிடைத்தது விடிகாலை முதல் ஷிப்ட். அதை விட்டால் இரவு ஷிப்ட்தான் என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் பவர் டேபிள் தையல் மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறோம். மதியத்துக்குள் திரும்பி வந்தால்தான் அதைப் பார்க்க முடியும். அதனால் விடிகாலையையே எடுத்துக்கொண்டோம். அதுவரை காரை ஓட்டியவர் அவர்தான். இருட்டில் எதிர்வண்டி வெளிச்சம் கூசுகிறது என்று ஒருநாள் சாவியை என் கையில் கொடுத்தார். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நடுவில் ஒரு டிரைவர் வைத்தோம். அவருக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார்.

அந்த வருடம் மார்கழி பிறந்தபோது வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். தண்ணீர் ஓடும் நாட்களில் பனி இன்னும் கனமாக இறங்கும். அன்று கேட்டைத் திறந்து காரை வெளியே எடுத்தேன். கேட்டுக்கு வெளியே நிற்கும் வேப்பமரம் தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் முதல் நாளே அவருக்குக் கால் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு வாங்கியது. ஒரு ஷிப்டைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்காமல் ஓட்டினேன்.

ஹெட்லைட்டைப் போட்டால் எதிரே வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. ஹை பீம் போட்டேன். துணி இன்னும் கிட்டே வந்தது. கீழே பம்பரில் பனிக்கென்று ஃபாக் லைட் இருப்பது நினைவுக்கு வந்து அதையும் போட்டேன். அவ்வளவுதான், எதிரே இருந்த கொஞ்சநஞ்சமும் போய், கண்ணுக்கு நேராக வெறும் வெள்ளை. ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டி, முதல் கியரில் நகர்ந்தேன். காதில் குளிர் அறைந்தது. ரோட்டின் விளிம்பு என்று நான் பார்த்துக்கொண்டு போனது எதை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கார் இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது.

"நிறுத்து" என்றார் அவர். சத்தம் போடவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை.

பிரேக்கை அழுத்தி, கை பிரேக்கையும் இழுத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தோடு இறங்கிச் சுற்றிப் போனேன். முன் சக்கரம் தாரை விட்டு இறங்கி, புல் சரிவின் முனையில் நின்றது. சக்கரத்துக்கு அடியில் மண் பொடிப்பொடியாக உதிர்ந்து உருண்டது. உருண்டு விழுந்த மண் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அவர் உட்கார்ந்திருந்த பக்கம் அது. கதவைத் திறந்து இறங்கியிருந்தால் நேராக வாய்க்காலில்தான் இறங்கியிருப்பார்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டார். கொஞ்சம் சேற்றில் இறங்கிவிட்டது என்றேன். அவர் ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்தார்.

"தண்ணிச் சத்தம் எங்காலுக்குக் கீழ கேக்குது அம்மிணி" என்றார்.

ரிவர்ஸ் கியரைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருவழியாகப் பின்னால் எடுத்து ரோட்டில் நிறுத்தியதும், இனி ஒரு அடி நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பால்காரர் மொபெட்டில் வந்தார். விஷயத்தைச் சொன்னதும், அவர் முன்னால் மெதுவாகப் போனார். மொபெட்டின் சிவப்புப் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே மெயின் ரோடு வரை போய்ச் சேர்ந்தோம்.

அன்று திரும்பும்போது வெயில் அடித்தது. அதே இடத்தில் புல் சரிந்து சக்கரத் தடம் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டு, இனி என்னால் முடியாது என்றேன். அவள் ஓசூரில் இருக்கிறாள். வேறு டிரைவர் தேடலாம், அதுவரை வாடகைக் கார் சொல்லலாம் என்றாள். அந்த நேரத்துக்கு, அந்தப் பனியில், எங்கள் ஊருக்குள் எவரும் வண்டி கொண்டுவர மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

சாயங்காலம் அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். ஃபாக் லைட் போட்டதும் வெளிச்சம் எங்கே இருந்தது என்று கேட்டார். மூஞ்சிக்கு நேராக என்றேன்.

"அது கீழ தான அடிக்கோணும். மேல பாத்து நிக்குது அது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடி மாதத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடி, பம்பர் உடைந்து, புது பம்பர் மாட்டியிருந்தோம். மாட்டியவர்கள் விளக்கைத் திரும்பப் பொருத்தியதோடு சரி. அது எங்கே பார்க்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அதன் பிறகு பனியும் வரவில்லை, நாங்களும் போடவில்லை. பல்லடத்தில் ஒரு பட்டறைக்குப் போன் செய்தேன். வண்டியை விட்டுவிட்டுப் போங்க, இரண்டு நாளில் பார்த்துத் தருகிறோம் என்றார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எங்களுக்கு டயாலிசிஸ். காரை விட்டுவிட்டு எப்படி இருக்க முடியும்? மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். அவரும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். நாமே செய்துவிடலாம் என்று முடிவானது. எனக்கு அதிலும் பயம்தான். தையல் மெஷினைக் கழற்றி மாட்டுவேன். கார் அப்படியல்ல. நான் ஏதாவது தப்பாகச் செய்து, அது நடுரோட்டில் அணைந்துபோனால்?

மறுநாள் பொழுது சாய்வதற்கு முன்பே தொடங்கினேன். முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். விளக்கின் கண்ணாடி வெளியே சேறும் உள்ளே ஈரமுமாக மங்கிக் கிடந்தது. சக்கரத்துப் பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை விலக்கி, கையை உள்ளே விட்டு பல்பைத் திருகி எடுத்தேன். பல்பை வெறும் விரலால் தொடாதே, விரல் பிசுக்குப் பட்டால் சூடேறும்போது வெடித்துவிடும் என்று எச்சரித்திருந்தார். ஷெட்டிலிருந்து பனியன் வேஸ்ட் துணியை ஒரு கை அள்ளி வந்து, அதில் சுற்றித்தான் பிடித்தேன். வலது விளக்கின் முனையில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. நூல் வெட்டும் கத்தரியால் சுரண்டினேன். மகள் விட்டுப்போன ஹேர் டிரையரால் உள்ளே இருந்த ஈரத்தைக் காயவைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் பல்பை மாட்டி, பேட்டரி வயரையும் திரும்ப மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். இரண்டும் எரிந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகுதான் திசை பார்க்கும் வேலை. ஷெட்டுக்கு முன்னால் சிமென்ட் களம் இருக்கிறது. சமதளம். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஷெட்டின் வெள்ளைச் சுவருக்கு நேராகக் காரை நிறுத்தினேன். சுவருக்கும் விளக்குக்கும் இருபத்தைந்து அடி இருக்க வேண்டும். தையல் டேப்பைத் தரையில் மாற்றி மாற்றிப் போட்டு அளந்தேன். தரையிலிருந்து விளக்கின் நடு எவ்வளவு உயரம் என்று பார்த்து, அதே உயரத்தில் சுவரில் மார்க்கிங் சாக்கால் நீளமாக ஒரு கோடு இழுத்தேன். அதற்கு நான்கு விரல் கீழே இன்னொரு கோடு. வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கீழ்க்கோட்டைத் தாண்டக் கூடாது.

காரில் வழக்கமாக எவ்வளவு கனம் இருக்குமோ அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான் வெளியே நிற்பதால் என் எடைக்குச் சின்ன வெங்காய மூட்டை ஒன்றைப் பக்கத்து சீட்டில் ஏற்றினேன். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைக் கொடுத்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அந்த சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேட்டரி இறங்காமலிருக்க இஞ்சினை ஓடவிட்டு ஃபாக் லைட்டைப் போட்டார். வெளிச்சம் சுவரில் கோட்டுக்கு மேலே, ஓட்டுக்கூரை வரை ஏறி நின்றது. இதைப் போட்டுக்கொண்டா அந்த வாய்க்கால் கரையில் போனோம் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பம்பருக்கு முன்னால் மண்டியிட்டு, விளக்குக்குக் கீழே இருந்த துளையில் நீள ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகினேன். அவர் உள்ளே இருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் இறக்கு. எடது பக்கம் மேல நிக்குது. இப்பச் சரி. நான் குனிந்திருந்ததால் சுவரைப் பார்க்க முடியவில்லை. அவர் சொன்னபடியே திருகினேன். நிமிர்ந்து பார்த்தபோது வலது பக்க வெளிச்சம் தரையில் கிடந்தது, இடது பக்கம் கோட்டுக்கு மேலேயே இருந்தது. அவர் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஏனுங்க என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. காரின் உள்ளே இருட்டு. கீழே எரிந்த வெளிச்சத்தின் கூச்சத்தில் கண்ணாடிக்குள் எதுவும் தெரியவில்லை. டயாலிசிஸ் முடிந்த மறுநாள் சில சமயம் அவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். பானெட்டைப் பிடித்து எழுந்து, சுற்றி ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

அவர் நன்றாகத்தான் இருந்தார். நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் நனைந்திருந்தது.

"கோடே தெரியலை அம்மிணி" என்றார். "வெள்ளையா இருக்குது. அவ்வளவுதான் தெரியுது."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஐப்பசியிலிருந்து என்றார். டிவியை அவர் காதால்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மாத்திரையைத் தடவிப் பார்த்து எடுத்திருக்கிறார். நான் ஏற்கெனவே பயந்துபோயிருக்கிறேன், இதையும் சொன்னால் காரைத் தொடவே மாட்டேன் என்று நினைத்து மறைத்திருக்கிறார். வாய்க்கால் கரையில் கார் சாய்ந்தபோது, அவருக்கும் எதிரே எதுவும் தெரியவில்லை. நான் பார்க்கத் தவறினால் அவர் பார்ப்பார் என்று நம்பித்தான் அத்தனை நாளும் ஓட்டியிருந்தேன். அந்தக் காரில் பார்க்கிற கண் என்னுடையது மட்டும்தான் என்று அப்போது தெரிந்தது.

கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. கோபமும் வரவில்லை. பயம் ஒன்றுதான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்குச் சர்க்கரை போட்டு அரை டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். பிறகு திரும்பவும் முன்னால் போய் மண்டியிட்டேன். ஒரு திருகு, எழுந்து பார்ப்பது, மறுபடி ஒரு திருகு. வெளிச்சம் இரண்டும் கீழ்க்கோட்டுக்கு அடியில் மட்டமாக வந்து நின்றபோது நன்றாக இருட்டியிருந்தது. இறங்கிருச்சா என்று கேட்டார். இறங்கிருச்சுங்க என்றேன்.

அடுத்த டயாலிசிஸ் நாளிலும் பனி. அவர் சொன்னபடி ஹெட்லைட்டை அணைத்து, பார்க்கிங் லைட்டும் ஃபாக் லைட்டும் மட்டும் போட்டேன். கண்ணுக்கு நேராக மங்கலான சாம்பல் நிறம். ஆனால் பம்பருக்கு முன்னால் தரையில் அகலமாக ஒரு பாய் விரித்தது போல வெளிச்சம் கிடந்தது. தாரின் விளிம்பு தெரிந்தது. புல் தெரிந்தது. அந்த விளிம்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாய்க்கால் கரையைக் கடந்தேன். முதுகு முழுக்க வேர்த்திருந்தது.

மெயின் ரோட்டில் ஏறியதும் கொஞ்சம் மூச்சு விட்டேன். பல்லடம் வருவதற்கு முன்னால் ஒரு வளைவு. வேகம் கூட்டவில்லை. அந்த வெளிச்சத்தின் முனையில் திடீரென்று கால்கள் தெரிந்தன. முழங்காலுக்கு மேல் ஒன்றுமில்லை, வெறும் கால்கள். ரப்பர் செருப்பு போட்ட கால், ஒரு காலில் மட்டும் செருப்பு, கொலுசு போட்ட கால். நான் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். கார் நின்றபோது அந்தக் கொலுசுக் கால் பம்பருக்கு எதிரே ஒரு கை தூரத்தில் இருந்தது.

காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போன மில் வேன் ஒன்று, நின்றிருந்த லாரியைப் பார்த்து ஸ்டீயரிங்கை ஒடித்ததில் புளியமரத்தில் மோதிக் குறுக்கே நின்றிருந்தது. பெண்கள் எல்லாம் ரோட்டில் இறங்கி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். "ருக்கோ, ருக்கோ" என்று இந்தியில் நிற்கச் சொல்லிச் சில வடநாட்டுப் பெண்கள் கத்தினார்கள். தெற்கத்திப் பேச்சில் ஒரு பெண் என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, உள்ள ஒருத்தி கால் மாட்டிக்கிச்சுக்கா" என்றாள்.

எனக்கு முதலில் வந்த நினைப்பு அந்தப் பெண்ணைப் பற்றி அல்ல. பின்னால் வரும் வண்டியைப் பற்றி. என் விளக்கு முன்னால் இருப்பதைக் காட்டும். எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு நான் நிற்பது எப்படித் தெரியும்? நான்கு இண்டிகேட்டரையும் போட்டேன். அவரைக் கைப்பிடித்து இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி ஒரு காட்டு வேலி ஓரம் கூட்டிப்போய் நிறுத்தினேன். வேலியைப் பிடித்துக்கொண்டே நில்லுங்க, நகராதீங்க என்றேன். அந்தப் பெண்களையும் ரோட்டை விட்டு இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். பிறகு அவருடைய வெள்ளைத் துண்டை ஒரு கையிலும் செல்போன் விளக்கை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஓடினேன்.

காரை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் அந்த இண்டிகேட்டர் வெளிச்சமும் மறைந்துவிட்டது. சுற்றிலும் வெள்ளை. என் மூச்சுச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. நான் நிற்பது ரோட்டு ஓரமா நடுவா என்றுகூடத் தெரியவில்லை. இங்கே என்மேல் ஒரு வண்டி ஏறினால், கண் தெரியாத அவர் வேலியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நிற்பார் என்று நினைத்தேன். திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. அப்போது பஸ்ஸின் உறுமல் கேட்டது. துண்டைச் சுழற்றிக்கொண்டே கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. இரண்டு மஞ்சள் வட்டங்கள் சட்டென்று பெரிதாயின. நான் ஓரத்தில் விழுந்தேன். டயர் தேயும் சத்தம், பிறகு அமைதி. பஸ் என்னைத் தாண்டிப் போய் நின்றிருந்தது. ஆனால் எங்கள் காரை எட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது.

டிரைவர் இறங்கி வந்து திட்டத் தொடங்கியவர், நான் கூட்டிப்போய் வேனைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டார். பஸ்ஸில் இருந்த ஆண்கள் இறங்கி வேன் கதவை நெம்பி அந்தப் பெண்ணை வெளியே எடுத்தார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. வேனை ஓரமாகத் தள்ளிவிட்டு, அடிபட்டவர்களை அதே பஸ்ஸில் பல்லடம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். கொலுசுப் பெண் ஏறும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் என்னவோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை.

நான் திரும்பிப் போனபோது அவர் வேலிக் கம்பியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். முள் குத்தி உள்ளங்கையில் ரத்தம். பிரேக் சத்தம் கேட்டதே, உனக்கு ஒண்ணுமில்லையே என்று என் முகத்தையும் தோளையும் தடவிப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர், ரோட்டோரத்தில் பத்துப் பேர் பார்க்க என்னைத் தொட்டது அன்றுதான்.

கோயமுத்தூர் போய்ச் சேர நேரமாகிவிட்டது. நடந்ததைச் சொன்னதும், நர்ஸ் ஒன்றும் கேட்காமல் அவரை மெஷினில் போட்டார். நான் வராந்தாவில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு நடுக்கமே தொடங்கியது. பல் ஒன்றோடொன்று தட்டியது. பக்கத்தில் இருந்த ஒருவர் டீ வாங்கி வந்து கொடுத்தார். டம்ளரைப் பிடிக்க முடியாமல் பெஞ்சில் வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவரே மகளுக்குப் போன் செய்து கண் விஷயத்தைச் சொன்னார். பொங்கலுக்கு அவள் வந்ததும் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இடது கண்ணை ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். வலது கண்ணுக்கு ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். சில மாதங்கள் போட்டார்கள். இப்போது என் முகம் கிட்டே வந்தால் தெரிகிறது என்கிறார். கட்டியிருக்கும் சேலை என்ன நிறம் என்று சொல்கிறார், பாதி நாள் சரியாக இருக்கிறது.

டிரைவர் இன்னும் கிடைக்கவில்லை. நான்தான் ஓட்டுகிறேன். மழைக்காலம் முடிந்ததும் களத்தில் காரை நிறுத்தி, சுவரில் புதிதாகக் கோடு இழுத்து விளக்கைப் பார்த்துக்கொள்கிறேன். பனிக்காலத்தில் கிளம்பும் முன், குனிந்து இரண்டு கண்ணாடியையும் துடைக்கிறேன். பயம் போய்விட்டதா என்று மகள் கேட்கிறாள். போகவில்லை. வாய்க்கால் கரை முடிந்து மெயின் ரோடு வரும்வரை நானும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை.